பனி இயந்திரம் பொழியவில்லை: பழுது பார்ப்பதா, வாடகைக்கு எடுப்பதா, தூளி கட்டுவதா?

கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் பனி இயந்திரத்தின் ஞாபகம் எல்லோருக்கும் வருகிறது. பாடகர் குழு அறையின் மூலையில், கிழிந்த தேவதை இறக்கைகளுக்கும் மேய்ப்பர்களின் கோல்களுக்கும் நடுவில் அது ஒரு வருடமாகக் கிடந்திருக்கும். தூசி தட்டி, பிளக்கைச் செருகி, சுவிட்சைப் போட்டால் காற்று மட்டும் வரும். அல்லது பனிக்குப் பதிலாகச் சோப்புத் தண்ணீர் சொட்டும். அடுத்த பத்து நிமிடத்தில் குழுவில் நான்கு கட்சிகள் உருவாகிவிடும். “மோட்டார் போய்விட்டது, புதிதாக வாங்கிவிடலாம்” என்பார் ஒருவர். “கல்யாண அலங்காரக்காரர்களிடம் வாடகைக்குக் கேட்கலாம்” என்பார் இன்னொருவர். “காகிதத்தை நறுக்கி மேலிருந்து கொட்டினால் ஆகாதா?” என்பார் குழுவில் மூத்தவர். பனியே வேண்டாம் என்பது பொருளாளரின் கட்சி.

கன்னியாகுமரி மாவட்டத்துச் சிறிய அரங்குகளில் விளக்கையும் ஒலியையும் பார்த்துக்கொள்பவன் நான். இந்த நான்கு கட்சிகளிலும் மாறி மாறி இருந்திருக்கிறேன், பொருளாளர் கட்சி உட்பட. இன்று என்னிடம் கேட்டால், முதலில் இயந்திரத்தைத் திறந்து பாருங்கள், அடுத்து மேடைத் தரையைப் பாருங்கள், விலையைக் கடைசியாகப் பாருங்கள் என்பேன். பெரும்பாலான குழுக்கள் விலையில் தொடங்குகின்றன. தரையை யாராவது வழுக்கி விழுந்த பிறகுதான் பார்க்கின்றன.

உள்ளே என்ன நடக்கிறது

நுரைப் பனி இயந்திரத்தில் மர்மம் ஒன்றுமில்லை. ஒரு தொட்டி, ஒரு சின்னப் பம்பு, ஒரு ப்ளோயர், அவ்வளவுதான். பம்பு தொட்டியிலுள்ள திரவத்தை உறிஞ்சி மெல்லிய ட்யூப் வழியாக முகப்புக்கு அனுப்புகிறது. முகப்பில் காலுறை போன்ற ஒரு துணியுறை மாட்டியிருக்கும். உறை திரவத்தில் ஊறியிருக்க, பின்னாலிருந்து ப்ளோயர் பலமாக ஊத, துணியின் கண்கள் வழியே நுரை பிதுங்கிச் செதில் செதிலாகப் பிய்ந்து பறக்கிறது. சோப்புத் தண்ணீரில் வளையத்தை நனைத்துக் குழந்தைகள் ஊதுகிறார்களே, அதே வித்தைதான். இங்கே வளையத்துக்குப் பதிலாக ஆயிரக்கணக்கான துணிக்கண்கள்.

இந்த நுரை வித்தை மேடைக்கு வருவதற்கு முன்பே சினிமாவில் இருந்தது. ஹாலிவுட்டில் ஒரு காலத்தில் கார்ன்ஃப்ளேக்ஸுக்கு வெள்ளைச் சாயம் ஏற்றிக் கொட்டினார்கள். நடிகர்களின் காலடியில் அது நொறுங்கிச் சத்தம் போட்டதால் வசனத்தைப் பிறகு தனியாகப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. 1946-இல் வெளிவந்த ஒரு படத்துக்காக ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவினர், தீயணைப்புக்குப் பயன்படும் ஃபோமைட் என்ற பொருளைச் சோப்போடும் தண்ணீரோடும் கலந்து பீய்ச்சி, சத்தமில்லாத பனியைப் பெற்றார்கள். சத்தத்தை ஒழிக்கத்தான் அங்கே நுரை வந்தது. நம் மேடையில் நுரைப் பனியின் பெரிய தொல்லையே ப்ளோயரின் சத்தம். வாக்குவம் கிளீனர் ஒன்று மரியாளின் தாலாட்டுக்குப் பின்பாட்டுப் பாடுவது போல இருக்கும். இதைக் கொஞ்சம் கழித்துப் பார்ப்போம், ஏனென்றால் முடிவெடுப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

பழுது பார்ப்பது: முதலில் அரை மணி நேரம்

இயந்திரம் “போய்விட்டது” என்று தீர்மானிக்கும் முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். என்னிடம் “போய்விட்டது” என்று கொண்டுவரப்பட்டவற்றில் பாதிக்கு மேல் அழுக்கைத் தவிர வேறு நோய் கண்டதில்லை. போன ஜனவரியில் தொட்டியில் மிச்சமிருந்த திரவத்தை யாரும் கொட்டவில்லை. அது ட்யூபுக்குள் காய்ந்து பசையாகிவிட்டது. அவ்வளவுதான் கதை.

ப்ளோயர் ஓடுகிறது, செதில் இல்லை என்றால் கோளாறு திரவத்தின் பக்கம் என்று பொருள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொட்டியைத் திறந்து பாருங்கள். உறிஞ்சும் ட்யூபின் நுனியில் ஒரு குட்டி வடிகட்டி இருக்கும். வழவழப்பான படலம் படிந்திருந்தால் வெந்நீரில் கழுவுங்கள். நுனி திரவத்துக்குள் மூழ்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இயந்திரத்தை மேலே சாய்வாகத் தொங்கவிடும்போது திரவம் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், ட்யூபின் நுனி மறுபக்கம் காற்றில் நிற்கும். தரையில் வைத்துச் சோதித்தபோது ஒழுங்காக ஓடியது மேலே ஏற்றியதும் நின்றுபோவதற்கு இதுதான் காரணம். இதைக் கண்டுபிடிக்க நான் ஏணியில் ஏழு முறை ஏறி இறங்கினேன்.

பம்பு முனகுகிறது, ஆனால் இழுக்கவில்லை என்றால் உள்ளே காற்று அடைத்திருக்கலாம். மருந்துக் கடையில் 20 மில்லி சிரிஞ்சு ஒன்று வாங்கி, முகப்புப் பக்க ட்யூபைக் கழற்றி, அதில் பொருத்தி மெதுவாக இழுங்கள். திரவம் எட்டிப் பார்த்ததும் பழையபடி மாட்டிவிடலாம். சிரிஞ்சு இழுக்கவே மறுத்தால் ட்யூப் அடைத்திருக்கிறது. சிலிக்கான் ட்யூபை மீன்தொட்டிக் கடையிலேயே வாங்கலாம், உள்விட்டம் பழையதோடு ஒத்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. பம்பு முனகவே இல்லை என்றால் முதலில் ஃபியூஸையும் வயர் இணைப்புகளையும் பாருங்கள். அவை சரியாக இருந்தால் பம்பு இறந்திருக்கிறது. சிறிய இயந்திரங்கள் பலவற்றில் காபி இயந்திரத்திலும் புகை இயந்திரத்திலும் இருக்கும் அதே வகை அதிர்வுப் பம்புதான் இருக்கிறது. அதன் எமன் வறட்சி. தன் வழியாக ஓடும் திரவத்தாலேயே குளிர்ச்சியும் வழவழப்பும் பெறுவது அது. காலித் தொட்டியோடு ஓடவிட்டால் சூடேறிச் செத்துவிடும். “இன்னும் ஒரு பாட்டுக்குத் தாங்கும்” என்று தொட்டியைப் பார்க்காமல் ஓட்டியவர்கள்தான் பம்புகளைக் கொன்றிருக்கிறார்கள்.

திரவம் வருகிறது, செதிலாகாமல் சொட்டுகிறது என்றால் துணியுறையைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஓட்டை இருந்தால் காற்று அந்த வழியாகவே தப்பிவிடும். கண்கள் அடைத்திருந்தால் காற்று வெளியே வர முடியாமல் திணறும். உறையை இளஞ்சூட்டுத் தண்ணீரில் அலசி நிழலில் காயவிட்டால் போதும். துணிக்கு மணமும் மென்மையும் தரும் திரவங்கள் எதையும் சேர்க்காதீர்கள், அவை நுரையைக் கெடுக்கும். உறை சரியாக இருந்தும் சொட்டினால், பம்பின் அளவுக் குமிழைக் குறைத்துப் பாருங்கள். திரவம் கூடினால் கனத்த ஈரச் செதில், குறைந்தால் பொடிச் செதில். தொடங்கிய முதல் சில நொடிகளுக்குச் சொட்டுவது இயல்பு, உறை முழுவதும் நனைய வேண்டுமல்லவா? அதனால்தான் மேடைக்கு நேர் மேலே வைக்காமல் சற்றுப் பின்தள்ளி வைக்கச் சொல்கிறேன். முதல் சொட்டுகள் யோசேப்பின் தலையில் விழாது.

காற்றே பலவீனமாக இருந்தால் இயந்திரத்தைக் குறை சொல்லுமுன் மின்சாரத்தைப் பாருங்கள். 1,500 வாட் இயந்திரம் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 6.5 ஆம்பியர் இழுக்கும். சுவரிலுள்ள சாதாரண 6 ஆம்பியர் பாயிண்ட் இதற்குப் போதாது, 16 ஆம்பியர் பவர் பாயிண்ட் வேண்டும். அங்கிருந்து 1 சதுர மில்லிமீட்டர் வயரில் 30 மீட்டர் இழுத்தால் வழியிலேயே சுமார் 7 வோல்ட் போய்விடும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் இழப்பு 3 வோல்ட்டுக்குள் அடங்கும். மாலை நேரத்தில் ஏற்கெனவே வோல்ட்டேஜ் சரிந்திருக்கும் ஊரில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளாகவே விட்டுவிட்டு ஓட்டாதீர்கள், சூடேறும். விளக்குகளுக்கான டிம்மர் லைனில் மட்டும் செருகவே கூடாது. ஒரு பள்ளி ஆண்டு விழாவில் யாரோ உதவியாகச் செருகிவிட்டார்கள். விளக்கு மங்க மங்க ப்ளோயரும் முனக முனக, காட்சி முடிவதற்குள் உள்ளேயிருந்த போர்டு கருகிவிட்டது.

மின்சாரமும் சரி, ஆனால் மோட்டார் விட்டுவிட்டு ஓடுகிறது, உள்ளே பொறி தெறிக்கிறது என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். இதற்காக இயந்திரத்தை நகரத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை. நான் முதன்முதலில் மிக்ஸி ரிப்பேர் கடைக்கு எடுத்துச் சென்றபோது கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. “அண்ணே, இது மிக்ஸி இல்லை, பனி கொட்டும் இயந்திரம்” என்றேன். “மோட்டாருக்கு அது தெரியுமா, தம்பி?” என்று கேட்டுக்கொண்டே கழற்ற ஆரம்பித்துவிட்டார். அவர் சொன்னது சரி. இத்தகைய ப்ளோயர்களில் பலவற்றுக்கும் மிக்ஸிக்கும் வாக்குவம் கிளீனருக்கும் ஒரே வகை மோட்டார்தான்.

விளக்கு மேசையிலிருந்தே கருவிகளுக்குக் கட்டளை அனுப்பும் டி.எம்.எக்ஸ். முறை வழியாக இயக்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. விளக்கு மேசையின் சொல்லைக் கேட்க மறுக்கும் இயந்திரம் பெரும்பாலும் தனியியக்க முறையில் இருக்கும், அல்லது அதன் முகவரி எண் மாறியிருக்கும். முகவரி 1 முதல் 512-க்குள் எங்கோதான் இருக்கிறது. பொறுமையாகத் தேடுங்கள்.

பழுது பார்ப்பதற்கு என் எல்லைக்கோடு இது: ட்யூப், உறை, வடிகட்டி, பிரஷ் ஆகியவை என்றால் யோசிக்காமல் சரி செய்யுங்கள். பம்பு என்றால் அதே வோல்ட்டேஜும் ஓட்டமும் உள்ள மாற்றுப் பம்பு கையில் கிடைத்த பிறகு முடிவு செய்யுங்கள். மோட்டார் சுருள் கருகி, போர்டும் போய், உடலிலும் துரு ஏறியிருந்தால் விட்டுவிடலாம். செத்த இயந்திரத்தையும் தூக்கி எறிய வேண்டாம், அடுத்ததற்கு அது உதிரிபாகக் கடை.

திரவம்

இயந்திரத்தை மாற்றுகிறார்கள், திரவத்தை மாற்ற மறுக்கிறார்கள். பாத்திரம் கழுவும் திரவத்தையோ ஷாம்பூவையோ கலந்து ஊற்றும் பழக்கம் எங்கும் இருக்கிறது. நுரை வரும், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த நுரை காற்றில் கரையாமல் கனமாக இறங்கித் தரையில் படலமாகப் பரவும், குழந்தைகளின் கண்ணில் எரியும், காய்ந்தபின் உறையை அடைக்கும். புகை இயந்திரத் திரவமும் உதவாது. அது சூடாக்கி ஆவியாக்குவதற்கான கிளைக்கால் கலவை, நுரைக்காது. சோப்புக் குமிழி விடும் இயந்திரத்தின் திரவம் பிசுபிசுக்கும். பனிக்கென்று விற்கும் திரவம் பெரும்பகுதி தண்ணீரும் சிறுபகுதி நுரைப்பொருளும்தான். அடர்கலவையாக வாங்கிக் கரைப்பது மலிவு. கரைக்கும் தண்ணீர் போர்வெல் தண்ணீராக இருக்க வேண்டாம். அதன் உப்பு, இட்லிப் பாத்திரத்தின் அடியில் படிவது போலவே ட்யூபுக்குள்ளும் படியும். ஆர்.ஓ. தண்ணீரோ பேட்டரிக் கடையில் கிடைக்கும் வடிநீரோ போதும்.

எவ்வளவு வாங்குவது என்று கடைக்காரரைக் கேட்டால் நிறையச் சொல்வார். நீங்களே அளந்துவிடலாம். ஒரு லிட்டர் ஊற்றி, நாடகத்தில் வேண்டிய அளவில் குமிழை வைத்து, எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். காட்சியின் நிமிடங்கள், ஒத்திகைகளின் எண்ணிக்கை, கால் பங்கு உபரி, அவ்வளவுதான் கணக்கு.

புதிது வாங்குவதும் வாடகைக்கு எடுப்பதும்

வருடத்துக்கு ஒரே இரவு பனி பொழியும் குழுவுக்கு வாடகை பொருந்தும். இயக்கும் ஆளோடு வந்தால் இன்னும் நல்லது. ஆனால் டிசம்பர் 20-க்கு மேல் அதே இயந்திரத்தைப் பத்து ஊர் கேட்கும். ஒத்திகைக்கு இயந்திரம் வராது, நிகழ்ச்சியன்று மாலை ஐந்து மணிக்குத்தான் வேன் வரும். ஒத்திகை பார்க்காத பனி எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. கல்யாண மேடைக்கு அது பரவாயில்லை. மணமக்கள் நின்ற இடத்திலேயே நிற்பார்கள், எல்லோரும் கைதட்டுவார்கள், முடிந்தது. நாடகத்தில் அந்தத் தரையில் அடுத்த காட்சி நடக்க வேண்டும். ஆகவே வாடகை பேசும்போது விலைக்கு முன்னால் ஒத்திகை நாளைப் பேசுங்கள். என்ன திரவம் என்றும் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அது பாத்திரம் கழுவும் திரவம்தான்.

வாங்குவது என்று முடிவு செய்தால், விளம்பரத்தில் செதில்கள் எவ்வளவு தூரம் பறக்கின்றன என்று மயங்க வேண்டாம். நான் பார்ப்பவை வேறு: உறையைத் தனியாக வாங்க முடிகிறதா, தொட்டியை முழுதாகக் கவிழ்த்து வடிக்க முடிகிறதா, பம்பின் அளவை மாற்றக் குமிழ் இருக்கிறதா, தொங்கவிடக் கொக்கியும் பாதுகாப்புச் சங்கிலி மாட்ட இடமும் இருக்கின்றனவா. தொட்டியில் 5 லிட்டர் திரவம் என்றால் கூடுதலாக 5 கிலோ எடை தலைக்கு மேல் தொங்குகிறது என்று பொருள். ஈரமும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் எர்த் இல்லாத பாயிண்டில் அதைச் செருகக் கூடாது. மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கும் லைனாகப் பாருங்கள். சத்தம் முக்கியம் என்றால் ப்ளோயரை மேடைக்கு வெளியே வைத்து நீண்ட குழாய் வழியே பனியைக் கொண்டுவரும் பெரிய வகையும் உண்டு. சிறிய குழுக்களின் பட்ஜெட்டுக்கு அது எட்டாது.

அந்த ஆட்டுக்குட்டி

விலையைக் கடைசியாகப் பாருங்கள் என்று சொன்னதற்கான காரணம் ஒரு ஆட்டுக்குட்டி. சில வருடங்களுக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் நாடகத்தில், முதல் காட்சியிலேயே பனி பொழிய வேண்டும் என்று இயக்குநர் ஆசைப்பட்டார். இயந்திரம் மிக அழகாக வேலை செய்தது. பார்வையாளர்கள் ஆ என்றார்கள். நான் மேசைக்குப் பின்னால் நின்று பெருமைப்பட்டேன். அடுத்த காட்சியில் மேய்ப்பர்களுக்கு முன்னால் ஆட்டுக்குட்டிகள் துள்ளி ஓடிவர வேண்டும். பஞ்சு ஒட்டிய சட்டையில் ஆறு வயதுப் பையன் ஒருவன் ஓடி வந்தான், வழுக்கினான், மேடையின் பாதி தூரத்தை உட்கார்ந்தபடியே கடந்தான். அடிபடவில்லை. அரங்கமே சிரித்தது, அவனும் எழுந்து சிரித்தான். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை. அவன் சறுக்கி நின்ற இடத்திலிருந்து மேடையின் விளிம்பு இரண்டு அடி.

பெட்டியில் “ஆவியாகிவிடும், ஈரம் தங்காது” என்று எழுதியிருந்தது. பொய்யில்லை. உலர்ந்த காற்றுள்ள, ஏ.சி. போட்ட அரங்கில், போதிய உயரத்திலிருந்து விழுந்தால் பெரும்பகுதி வழியிலேயே கரைந்துவிடும். எங்கள் பக்கம் டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை முழுதாக ஓய்ந்திருக்காது. காற்றே ஈரமாக இருக்கும்போது நுரை எங்கே போய் உலரும்? அதோடு எங்கள் மேடையின் உயரம் குறைவு, தரை வழவழப்பான டைல்ஸ்.

அதிலிருந்து ஒரு சோதனை வைத்திருக்கிறேன். நிகழ்ச்சி நடக்கும் அதே மாலை நேரத்தில், மேடையில் ஒரு கறுப்புத் துணியை விரித்து இரண்டு நிமிடம் பனியை ஓட்டுவேன். செதில்கள் எவ்வளவு நேரம் கிடக்கின்றன, எந்த இடத்தில் குவிகின்றன என்று துணி காட்டிக்கொடுக்கும். பிறகு துணியை எடுத்துவிட்டு, வெறும் தரையில் மறுபடி ஓட்டி, நடிகர்கள் போடும் அதே செருப்போடு நடந்து பார்ப்பேன். கால் கொஞ்சம் நழுவினாலும் அந்த இடத்தில் நுரைப் பனி கிடையாது. இயக்குநரிடம் இதைப் பற்றி விவாதிக்க மாட்டேன், அவரையே நடந்து பார்க்கச் சொல்வேன்.

தூளி: பழைய வழி

மூத்தவர் சொன்ன காகிதக் கட்சியை நான் இளக்காரமாகப் பார்த்த காலம் உண்டு. இப்போது பாதிக் காட்சிகளுக்கு அதையே பரிந்துரைக்கிறேன். உலக மேடைகளில் இயந்திரம் வருவதற்கு முன்பிருந்தே உள்ள ஏற்பாடு இது. மேடையின் அகலத்துக்கு இரண்டு குழாய்களையோ மூங்கில்களையோ இணையாகத் தொங்கவிட்டு, அவற்றுக்கு நடுவே நீளமான காடாத் துணியைக் குழந்தைத் தூளி போலத் தொய்வாகக் கட்ட வேண்டும். துணியின் ஒரு பாதியில் மட்டும், செதிலைவிடச் சற்றுப் பெரிய ஓட்டைகள். மறுபாதியின் தொய்வில் காகிதச் செதில்கள் கிடக்கும். ஒரு மூங்கிலை அசையாமல் கட்டிவிட்டு, ஓட்டைப் பக்கத்து மூங்கிலைக் கப்பியில் கயிறு போட்டு ஏற்றி இறக்கும்படி வைக்க வேண்டும். அதை இறக்கி மெல்ல ஆட்டினால் செதில்கள் ஓட்டைகள் மேல் உருண்டு ஒவ்வொன்றாக உதிரும். ஏற்றினால் நின்றுவிடும்.

சத்தமே இல்லை. மின்சாரமும் வேண்டாம். கயிற்றைப் பிடித்திருப்பவருக்குப் பாட்டின் தாளம் தெரிந்திருந்தால், இயந்திரத்தால் கனவிலும் முடியாத நயத்தோடு பனி பொழியும். ஜப்பானின் கபுகி மேடையில் இதற்கு இணையாக மூங்கில் கூடைகளை மேலே தொங்கவிட்டு, கயிற்றால் ஆட்டிக் காகிதப் பனியை உதிர்க்கிறார்கள். காகிதத்தை முக்கோணமாக வெட்டும் வழக்கம் அங்கே உண்டு, சுழன்று சுழன்று விழுவதற்காக. அதோடு பெரிய மேளத்தைத் துணி சுற்றிய கோலால் மெதுவாக அடித்துப் பனி விழும் “ஓசை”யையும் எழுப்புகிறார்கள். ஓசையே இல்லாத ஒன்றுக்கு ஓசை கொடுக்க அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. எங்கள் தபேலாக்காரரிடம் சொல்லி, தபேலா ஜோடியில் பெரியதான டக்காவில் முயன்று பார்த்தோம், நன்றாகவே இருந்தது.

தூளிக்கும் பராமரிப்பு உண்டு. முதலாவது நெருப்பு. சாதாரண டிஷ்யூ காகிதம் சூடான ஹாலஜன் விளக்கின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தீப்பிடிக்காதபடி பதப்படுத்திய காகிதமே வேண்டும், தூளிக்கு நேர் கீழே சூடான விளக்கு எதுவும் இருக்கக் கூடாது. இரண்டாவது, பொறுக்கிய காகிதம். காட்சி முடிந்ததும் தரையைப் பெருக்கி அதையே மறுநாள் தூளியில் போடுவார்கள். கூடவே குண்டூசி, ஆணி, பாசிமணி, சில நேரம் திருகாணியும் தூளிக்குள் போகும். மறுநாள் அவையும் சேர்ந்து பொழியும், அண்ணாந்து பாடும் பிள்ளைகளின் முகத்தில். புதுக் காகிதம் போடுங்கள். முடியாவிட்டால் சல்லடையில் சலித்து, காந்தத்தை ஓட்டிய பிறகாவது போடுங்கள். மூன்றாவது ஈரம்: மழை நாளில் காகிதம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக விழும். மாலையில்தான் தூளியை நிரப்ப வேண்டும், நிரப்புமுன் கையால் உதிர்த்துவிட வேண்டும். காகிதத்துக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் செதில் விற்கிறார்கள், வேண்டாம். டைல்ஸ் தரையில் அதுவும் வழுக்கும், பெருக்கினாலும் போகாது.

தூளியின் உண்மையான குறை வேறு. பனி வேண்டாத காட்சியிலும் ஓரிரு செதில் உதிர்ந்துகொண்டே இருக்கும். ஏரோது மன்னனின் அரண்மனைக்குள் ஒற்றைப் பனித்துளி மிதந்து வருவதைப் பார்வையாளர்கள் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். அவர்களுக்கு அது நாடகத்தின் சிறந்த தருணமாகவும் அமைந்துவிடலாம்.

கண்ணாடிப் பந்து

தரையைத் தொடாத பனியும் ஒன்று உண்டு. கண்ணாடித் துண்டுகள் ஒட்டிய பந்தை நிமிடத்துக்கு ஒரு சுற்று வேகத்தில் சுழலவிட்டு, இருண்ட அரங்கில் ஒரே ஒரு குறுகிய வெள்ளைக் கற்றையை அதன் மேல் பாய்ச்சினால், சுவரிலும் திரையிலும் பார்வையாளர்களின் முகங்களிலும் ஒளிப்பொட்டுகள் மிதக்கும். பனி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பாட்டு சொல்லிவிடும். பராமரிப்பு என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மெல்லிய துணியால் துடைப்பது. பொருளாளர் கட்சிக்கு இதைவிட நல்ல சமாதானம் கிடையாது. புகைப்படத்தில் மட்டும் எடுபடாது, பெற்றோர் கொஞ்சம் முணுமுணுப்பார்கள்.

தொடவே கூடாதவை

கேனில் வரும் ஸ்னோ ஸ்ப்ரேயை மெழுகுவர்த்தி இருக்கும் மேடைப் பக்கமே கொண்டுவராதீர்கள். பல கேன்களில் நுரையைத் தள்ளுவது எரியக்கூடிய வாயு. தெர்மாகோலைத் துருவிக் கொட்டினால் உடையிலும் முடியிலும் ஒட்டும், மூச்சில் போகும், தீயில் உருகிச் சொட்டும். குடிலில் பரப்பும் பஞ்சும் மெழுகுவர்த்தியும் அருகருகே இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஒரு காலத்தில் மேலைநாடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் நாரையே, தீப்பிடிக்காது என்ற காரணத்துக்காக, கிறிஸ்துமஸ் பனி என்று பெட்டியில் போட்டு விற்றார்கள். இன்றைக்கு நினைத்தால் நடுங்குகிறது. உலர்பனிக்கட்டி பனி அல்ல, அது தரையோடு தவழும் புகைமூட்டம் தருவது. அதிலிருந்து வரும் கரியமில வாயு தாழ்ந்தே தங்கும், உட்கார்ந்திருக்கும் குழந்தைகளின் மூக்கு இருக்கும் உயரத்தில்.

நான் எப்படிப் பங்கிடுகிறேன்

ஒரே நாடகத்துக்கு ஒரே வழி என்று இருக்க வேண்டியதில்லை. பனி விழுந்த பிறகு அந்தத் தரையில் யார் கால் வைக்கிறார்கள் என்பதே என் கேள்வி. கடைசிக் காட்சி, எல்லோரும் நின்றபடி பாடுகிறார்கள், திரை விழுந்தால் முடிந்தது என்றால் நுரை இயந்திரம். பாட்டின் கூட்டொலியில் ப்ளோயரின் சத்தமும் அமுங்கிவிடும். இயந்திரத்தைப் பழுது பார்க்கும் சிரமத்துக்கு அந்த ஒரு காட்சி தகும். நடுவில் வரும் மெல்லிய காட்சி, ஒருவர் மட்டும் பேசுகிறார், சத்தம் ஆகாது என்றால் தூளி. நடனமோ ஓட்டமோ வந்தால், அதுவும் சிறு குழந்தைகள் என்றால், கண்ணாடிப் பந்துக்கு மேல் எதற்கும் நான் ஒப்புக்கொள்வதில்லை. வாடகை என்பது இயந்திரம் நிஜமாகவே செத்துவிட்ட வருடத்துக்கு. வருடத்தில் நான்கைந்து முறைக்கு மேல் தேவைப்படும் பள்ளியோ குழுவோ மட்டும் புதிது வாங்கலாம். அப்போதும் கழுவுவது யார் என்று முதலில் முடிவாகட்டும்.

தமிழில் ஆறு பருவங்களில் இரண்டை, முன்பனியையும் பின்பனியையும், பனிக்கே கொடுத்திருக்கிறார்கள். மார்கழியும் தையும் முன்பனி. அந்தப் பனி புல் நுனியில் நிற்கும், தலைக்கு மப்ளர் கேட்கும், ஆனால் செதிலாக விழாது. செதிலாக விழுவது ஐரோப்பிய வாழ்த்து அட்டைகளின் வழியே நம் மேடைக்கு வந்தது. பெத்லகேம் மலைநகரம், சில குளிர்காலங்களில் அங்கே மெய்யாகவே வெண்பனி விழுவதுண்டு. ஆகவே “வரலாற்றுப்படி பனியே கிடையாது” என்று வாதாடும் பொருளாளருக்கு அந்த ஆயுதமும் இல்லை.

நிகழ்ச்சி முடிந்த இரவு

இயந்திரம் அடுத்த வருடம் ஓடுமா என்பது நிகழ்ச்சி முடிந்த இரவின் அரை மணி நேரத்தில் தீர்மானமாகிறது. எல்லோரும் கேக் வெட்டப் போயிருப்பார்கள், போகட்டும். மிச்சத் திரவத்தை வடித்துப் பாட்டிலில் ஊற்றி, தேதி எழுதி மூடுங்கள். தொட்டியில் அரை லிட்டர் வடிநீர் ஊற்றி, உறையைக் கழற்றிவிட்டு, முகப்பின் கீழே ஒரு வாளியை வைத்து, நுரையில்லாத தண்ணீர் வரும் வரை பம்பை ஓட்டுங்கள். தொட்டி காலியாகும் முன் நிறுத்துங்கள், வறட்சியைப் பற்றிச் சொன்னது நினைவிருக்கட்டும். பிறகு பிளக்கைப் பிடுங்கி, தொட்டியைக் கவிழ்த்து மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மூடியைத் திறந்தே வைத்து ஒரு இரவு உலரவிடுங்கள். ஏற்கெனவே உப்புப் படிந்த இயந்திரம் என்றால், இயந்திரத்தின் கையேடு தடுக்காத பட்சத்தில், ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நான்கு பங்கு வடிநீர் கலந்து ஓட்டி, பின் வெறும் வடிநீரால் இரண்டு முறை அலசலாம். உறையைத் துவைத்துக் காயவைத்துத் தனிப் பையில் போடுங்கள். இயந்திரத்தின் காற்றுவாயில் ஒரு துணியைக் கட்டிவிடுங்கள். எங்கள் ஊரில் பல்லிக்கு ப்ளோயர் போல நல்ல வீடு கிடையாது. அடுத்த முறை ஓட்டுமுன் துணியை அவிழ்க்க மறக்க வேண்டாம்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வாரத்தில் ஒரு முறை எடுத்து, வடிநீரோடு ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். கோளாறு இருந்தால் அப்போதே தெரியும், டிசம்பர் வரை அவகாசம் இருக்கும், மிக்ஸிக் கடைக்காரரும் ஆற அமரப் பார்ப்பார்.

எங்கள் இயந்திரத்தின் மூடியில் வெள்ளை டேப் ஒன்று ஒட்டியிருக்கிறோம். கடைசியாகக் கழுவிய தேதியும் கழுவியவர் பெயரும் அதில் இருக்கும். போன வருடத்து வரியில் இருப்பது பொருளாளரின் பெயர்.